மூன்றாவது போத்தல்

ஊர்காவற்றுறையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் சிறுநீர் பரிசோதிப்பதே அன்ரனிட்டாவின் வேலை. அந்த வேலையால்தான் அவளுடைய கலியாணம் குழம்பியது. நெடுந்தீவு டெனிஸ்ரனுக்குப் பேசி முடித்திருந்த நேரம், அவனுடைய தமக்கை ஜெனீற்றா கோயில் வாசலில் நின்று ஊர் கேட்கக் கத்தினாள்: "மூத்திரம் கிண்டுற கையாலயோ என்ர தம்பி சோறு தின்னுறது?" டெனிஸ்ரன் தமக்கையோடேயே திரும்பிப் போய்விட்டான். அன்ரனிட்டா பிறகு வந்த எந்தச் சம்பந்தத்துக்கும் தலையாட்டவில்லை. உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருந்தாள்.

போன வைகாசியில் அதே ஜெனீற்றா ஆய்வுகூடத்துக்கு வந்தாள். சலக்கடுப்பு, சிறுநீர் போகையில் எரிவு. சிறுநீரில் கிருமி வளர்த்துப் பார்க்கச் சொல்லி டொக்டர் துண்டு கொடுத்திருந்தார்.

"நல்ல முடிவு வரவேணுமெண்டு அந்தோனியார் கோயில் தீர்த்தமும் ரெண்டு சொட்டு விட்டனான், பிள்ளை" என்று, பழசொன்றும் நடக்காததுபோலப் போத்தலை நீட்டினாள்.

அன்ரனிட்டாவுக்குச் சிரிப்பு முட்டியது. தீர்த்தத்திலுள்ள கிருமியும் சேர்ந்து வளர்ந்தால், நோய்க்கிருமி எதுவென்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது.

"இது சரிவராது. நாளைக்கு விடிய வீட்டில எடுத்துக்கொண்டு வாங்கோ."

புதுப் போத்தல் கொடுத்து அங்கேயே எடுக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நெடுந்தீவிலிருந்து படகு, பிறகு பஸ். வந்து சேர்வதற்குள் வெக்கையில் கிருமி கண்டபடி பெருகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். மறுநாள் வந்த போத்தலையும் அதைச் சொல்லியே திருப்பினாள். அலையட்டும், நல்லாய் அலையட்டும்! அன்று மத்தியானச் சோறு அவளுக்கு வழமையைவிட ருசித்தது.

மூன்றாம் தரம் ஜெனீற்றா காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வந்தாள். முதுகு நோவில் நிமிர ஏலவில்லை. முதலில் போவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்லி, இம்முறை அங்கேயே எடுப்பித்தாள் அன்ரனிட்டா. நுணுக்குக்காட்டியில் வெள்ளணுக்கள் நிறைந்து கிடந்தன. அவற்றுக்கிடையே, வெள்ளணுக்கள் ஒட்டித் திரண்ட நீள உருளைகள். சிறுநீர் தேங்கும் சலப்பையில் இவை உண்டாவதில்லை. சிறுநீரகத்தின் நுண்குழாய்களில்தான் வார்த்ததுபோல் உருவாகி வரும். கிருமி மேலே ஏறிவிட்டது. தான் அலையவிட்ட நாட்களில் ஏறியது. கிருமி வளரும்வரை காத்திராமல் டொக்டருக்குப் போன் எடுத்தாள். 

இரண்டு நாள் கழித்து, ஜெனீற்றாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள்.

"வேணுமெண்டுதானே என்னைத் திருப்பித் திருப்பி அனுப்பினனீர்?" என்றாள் ஜெனீற்றா.

"ஓம்."

"நான் செத்திருப்பன்."

அந்த முகத்தைப் பார்த்ததும் கோயில் வாசல் ஞாபகம் வந்தது; மன்னிப்பை விட்டுவிட்டாள். அன்ரனிட்டா கதிரையை இழுத்து அருகில் இருந்தாள்.

"மருந்து முடிய, கிருமி போயிட்டுதோ எண்டு இன்னொருக்காப் பார்க்கவேணும், அக்கா" என்றாள். "என்னட்டத்தான் வருவியள்."