புருவம் வரை உயர்ந்த தட்டு

ஒரு கதையில் ஓர் ஆளை மட்டும் மாற்றிச் சொன்னதால் ஒரு குடும்பம் பிரிந்துபோகுமா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. அஜ்மானில் ஒரே ஃபிளாட்டில் ஓர் அறையில் நாங்களும், அடுத்த அறையில் துணிக்கடையில் வேலை பார்த்த சீன ஆன்ட்டியும் இருந்தோம். அப்பா ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஆள் குறைந்தால் மூட்டையும் சுமப்பார். என்னையும் அம்மாவையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, தான் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில் தங்கிக்கொள்வதாக அவர் ஊரிலிருந்த சித்தப்பாவிடம் போனில் சொல்லிவிட்டார். அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து அம்மா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

"உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு."

"உங்கம்மாவை ரசம் ஊத்தச் சொல்லு."

இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்த இருவருக்கும் நடுவில் நான்தான் தபால்காரி.

இதைப் பார்த்த ஆன்ட்டி, தனக்குத் தெரிந்த இந்தியில் எனக்கு ஒரு கதை சொன்னாள். அன்பான தம்பதியைப் பற்றிப் பேசும்போது, தட்டைப் புருவத்துக்கு நேராக உயர்த்துகிறவர்கள் என்று அவர்கள் ஊரில் சொல்வார்களாம். முன்னொரு காலத்தில் படித்த மனிதர் ஒருவர், பிழைக்க வந்த ஊரில் கூலிக்கு நெல் குத்தினாராம். அவர் வேலை முடித்து வந்ததும் மனைவி சாப்பாட்டுத் தட்டைப் புருவம்வரை உயர்த்தி, மரியாதையாகக் கொடுப்பாளாம். அதைக் கண்ட முதலாளி, இவர் சாதாரண ஆள் இல்லை என்று தன் வீட்டிலேயே இடம் கொடுத்தாராம்.

நான் அம்மாவிடம் ஓடினேன். கூலிக்காரர் என்றால் அம்மா மசியமாட்டாள் என்று நினைத்து, அவரை ராஜாவாக்கிவிட்டேன்.

"ராஜாவா? அதான் தூக்கியிருக்கா" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை மதியம், தரையில் உட்கார்ந்திருந்த அப்பாவின் முன்னால் வந்து, சோற்றுத் தட்டைப் புருவம்வரை உயர்த்தி நின்றாள்.

"ராஜா சாப்பிடலாம்."

ஒன்பது நாளில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. அப்பா முதலில் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவர் எழுந்து இரண்டு கைகளாலும் தட்டை வாங்கினார்.

"நான் மூட்டை தூக்குறவன்டி. என்னை ஏன் இப்படிக் குத்திக்காட்டுற?"

கதையில் வந்தவரும் கூலிக்காரர்தான் என்பது என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் பொய் வெளிப்பட்டுவிடுமே!

"அப்பளம் வேணுமாப்பா?" என்று கேட்டேன்.

அடுத்த மாதம் நானும் அம்மாவும் விமானம் ஏறினோம். அப்பா பதினான்கு வருடம் கேம்ப்பில் இருந்தார். தட்டை இன்னும் சற்று உயரத் தூக்கியிருந்தால் பலித்திருக்கும் என்றே நான் வெகுநாள் நம்பினேன். அம்மா அன்று எதிர்பார்த்தது, 'நீ என்ன சொல்ற?' என்ற ஒரு கேள்வியைத்தான் என்பது அந்த வயதில் புரியவில்லை.

இப்போது நான் ஷார்ஜாவில் இருக்கிறேன். மகள் பள்ளியில் சீன மொழி படிக்கிறாள். போரில் பிரியும்போது கண்ணாடியை உடைத்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்ட தம்பதியின் கதையோடு, நான் அவளுக்கும் ராஜா கதையாகவே சொல்லியிருந்த இந்தத் தட்டுக் கதையும் போன வாரம் பாடத்தில் வந்தது.

"அம்மா, அவர் ராஜா இல்லையாம், வெறும் லேபராம்! தாத்தா பாட்டி வந்ததும் சொல்லப் போறேன்" என்கிறாள்.

இருவரும் அடுத்த வாரம் விசிட் விசாவில் வருகிறார்கள். அதற்குள் அம்மாவிடம் நானே உண்மையைச் சொல்லிவிடட்டுமா? சொன்னால் மனம் ஆறுமா, பழைய புண்ணைக் கிளறியதாகுமா? இப்படி ஒன்றைத் தாமதமாகச் சொன்னவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து எழுதுங்கள்.