அலுமாரிக்குள் சப்பாத்து

நூலகத்தில் எடுத்த ஒரு பழைய ஆங்கில நாடகத் தொகுப்பின் கடைசியில் அவளைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் நாடகம் எழுதியவள். சின்ன ஊரில் பிறந்து, பத்திரிகையில் வேலை பார்த்து, பெரிய நகரத்துக்குப் போய்ப் பெயர் வாங்கி, பிறகு எல்லோராலும் மறக்கப்பட்டவள். நடுவில் ஒரு வரி: மணமாகி இரண்டே வருஷத்தில் கணவன் வீட்டை விட்டு வெளியேறினாள். ஏன் என்று ஒரு சொல் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் போட்ட தொப்பியைப் பற்றி நாலு வரி எழுதத் தெரிந்த மனுஷனுக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லையே!

மகளிர் தினத்துக்கு நான் வேலை செய்கிற கந்தோரின் பெண்கள் சங்கம் நாடகம் போடுவதென்று முடிவாகி, எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. நான் அவளுடைய வாழ்க்கையையே எழுதினேன். அந்த ஒரு வரி வந்த இடத்தில் கை நின்றது. அங்கே என் அக்காவைக் கொண்டுபோய் வைத்தேன்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது உக்குவளையில். மச்சானுக்கு அங்கே கடை. ஊரில் நல்ல பெயர், கோயில் காரியத்துக்கு முதல் ஆள். போன வருஷம் ஒரு நாள் அக்கா பஸ்ஸில் மாத்தளைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள், காலில் குளியலறைச் செருப்போடு, அதுவும் இரண்டு கலரில். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். மச்சான் கடைக்குப் போகும்போது அவளுடைய செருப்புகளை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறாராம். கேட்டால், "வீட்டுக்குள்ள இருக்கிறவளுக்கு எதுக்கு செருப்பு?" என்பாராம். "அம்மாகிட்ட சொல்லிறாதடி. எங்கிட்டருந்து வெளிய போச்சுன்னு தெரிஞ்சா மாசம் ஒருக்கா இங்க வாறதையும் நிப்பாட்டிருவாரு" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சத்தியம் செய்தேன்.

செய்துவிட்டு எழுதினேன். அமெரிக்காக்காரிக்குச் செருப்பு பொருந்தாதென்று, கயிறு கட்டிப் போடுகிற சப்பாத்து ஆக்கினேன். மச்சான் சொன்ன அந்த வசனத்தில் செருப்பு இருந்த இடத்தில் சப்பாத்து வந்தது. மற்றபடி ஒரு சொல் மாற்றவில்லை. மச்சான் நாடகம் பார்க்கிற ஆளா என்ன? யாருக்குத் தெரியப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

நாடகத்துக்கு முந்தின நாள் அம்மா சாவகாசமாகச் சொன்னார், "மருமகனுக்கு அழைப்பு வச்சிட்டேன். தட்டுல வெத்தல பாக்கு பழமெல்லாம் வச்சு, ரெண்டு பேரையும் வாங்கன்னு முறையாக் கூப்பிட்டேன். வாறேன்னுட்டாங்க."

"இது என்ன கல்யாணமாம்மா, தட்டு தூக்கிட்டுப் போக?" என்று கத்தினேன்.

"வீட்டு மருமகனக் கூப்பிடாம ஒரு விசேஷமா? நாளைக்கு சபையில யாரு பதில் சொல்றது?" என்றார் அம்மா. அவருக்கு ஒன்றும் தெரியாது. அவரைத் திட்டி என்ன செய்ய?

மறுநாள் பின்னேரம் மண்டபத்தில் அவர்கள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் வெள்ளைச் சட்டையில், அக்கா புதுச் செருப்போடு, பக்கத்தில் அம்மா. போதாததற்கு எங்கள் சங்கத் தலைவி மச்சானை அடையாளம் கண்டு விளக்கேற்றக் கூப்பிட்டுவிட்டார். மேடைப் படியருகே சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி, ஒரு திரியை ஏற்றி, பணிவாகக் கும்பிட்டார். சபை கைதட்டியது.

நான் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத் திரைக்குப் பின்னால் நின்றேன். முதல் காட்சி நன்றாகப் போனது. இரண்டாவதில் சிரித்தார்கள், மச்சானும் சிரித்தார். மூன்றாவதுதான் சப்பாத்து. ஒரு வசனம் போதும், அவருக்குப் புரிந்துவிடும். இவர்கள் வீட்டுக்குப் போன பிறகு அங்கே என்ன நடக்கும்? நினைக்க நினைக்கக் கையிலிருந்த தாள் நனைந்துபோனது.

அமெரிக்காக்காரியாக நடித்த நடிகை உடை மாற்ற உள்ளே வந்தபோது மறித்தேன். என் மேசைக்கு அடுத்த மேசையில் வேலை செய்கிறவர். "மூணாவது வேணாம். நேரா நாலாவதுக்குப் போங்க."

"ஐயோ, சப்பாத்து சீனா? அதுலதானேங்க உசுரே இருக்கு!"

"சொன்னதச் செய்யுங்க!" என்றேன். முறைத்துவிட்டுப் போனார். நாலாவது காட்சியில் அமெரிக்காக்காரி காரணமே இல்லாமல் வீட்டை விட்டு வெளியேறினாள். அந்தப் புத்தகக்காரனை நான் என்னவெல்லாம் திட்டினேன்! இப்போது நானும் அதையே செய்திருந்தேன். ஆனாலும் அக்கா தப்பித்தாள் என்று மூச்சு வந்தது.

நாடகம் முடிந்து பிரதம விருந்தினர் பேச ஆரம்பித்தார். அவர் பேச்சு எப்போதும் சுருக்கமாக முடிந்ததில்லை. அந்த நேரத்தில் அக்கா மேடைக்குப் பின்னால் வந்தாள். பாராட்ட வருகிறாள் என்று நினைத்தேன். முகம் கறுத்திருந்தது.

"ஏன்டி அத வெட்டுன?"

"எத?"

"நாடகத்த எழுதி தையல் மெஷின் மேல வச்சிருந்தியே, போன தடவ வந்தப்போ முழுக்கப் படிச்சேன். நாந்தான் அம்மாவ அழைப்பு வைக்கச் சொன்னேன். அஞ்சு வருஷமா அந்த ஆளுக்கிட்ட என்னால வாயத் திறந்து சொல்ல முடியல. நீ சொல்லுவேன்னு கூட்டிட்டு வந்தேன். நீயும் பூட்டி வச்சிட்ட." திரும்பிப் பார்க்காமல் போய் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

செத்துப்போனேன். அதற்குள் நன்றியுரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஒலிவாங்கியின் முன் நின்றேன். பிரதம விருந்தினர் கைப்பையை எடுத்துக்கொண்டிருந்தார், மச்சான் மணி பார்த்தார். எழுதி வைத்த நன்றி ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஒரு காட்சி விடுபட்டுப் போச்சு. தப்பு என்னோடது. இருந்து பாத்துட்டுப் போங்க" என்றேன். நடிகை வேஷம் கலைக்காமல்தான் நின்றிருந்தார், புண்ணியவதி. வெறுங்காலோடு மேடைக்கு நடுவே வந்து அலுமாரியைத் தட்டினார். "என் சப்பாத்தக் கொடுங்க. நான் வெளிய போகணும்." மீசை ஒட்டிய கணவன் சொன்னான், "வீட்டுக்குள்ள இருக்கிறவளுக்கு எதுக்கு சப்பாத்து?"

மச்சானின் தலை மெதுவாக அக்கா பக்கம் திரும்பியது. அக்கா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றி, இரண்டையும் அவர் காலுக்கு முன்னால் ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு எழுந்து நடந்தாள். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் எழும்பவும் முடியாமல், அந்தச் செருப்பைத் தள்ளவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

ஒலிவாங்கியை அப்படியே விட்டுவிட்டு நான் ஓடினேன். வெளியே பகல் வெயிலில் காய்ந்த தார் ரோடு இன்னும் சுட்டது. அக்கா எங்கள் வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். எங்களுக்குப் பின்னால் "என்னடி, என்னடி" என்று கேட்டபடி அம்மா மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார். நான் என் செருப்பைக் கழற்றி நீட்டினேன்.

"வேணாம், நீ போட்டுக்க" என்றாள் அக்கா. நடையை நிறுத்தவில்லை. "அந்த ஆளுக்குப் பூட்டுறதுக்கு ஏதாச்சும் வேணும்ல. அதான் கொடுத்துட்டு வந்திட்டேன்."