சுவரில் அண்ணன் பெயர்

எர்சிலியாவும் நானும் ஒன்றாக முதல் நற்கருணை வாங்கியவர்கள். நான் மலைமேல் இருக்கும் எங்கள் ஊர் ரோக்கா சான் வீத்தோவிலேயே தங்கிவிட்டேன். அவள் ஃபிளாரன்ஸ் நகரத்துக்குப் போய் வழிகாட்டி ஆனாள். வியாழக்கிழமைதோறும் ஒரு பஸ் நிறைய வெளிநாட்டுக்காரர்களை எங்கள் ஊருக்குக் கூட்டி வருவாள். கோட்டை வாசல், பெரிய கோவில், பிறகு நான் சமைக்கும் சாப்பாட்டுக் கடை, கடைசியில் மது நிலவறை. அங்கே ஊற்றித் தரும் மது அவளுடைய அப்பா நட்ட திராட்சைக் கொடியில் விளைந்தது. அதன் ருசியை அழகாக எடுத்துச் சொல்லுவாள். தான் ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டாள்.

அந்தத் தோட்டத்தை அவள் அண்ணன் துயிலியோ அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது. போன அறுவடை முடிந்ததும் துயிலியோ படுக்கையில் விழுந்தான். இனி எழுந்திருக்கமாட்டான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை அவள் என் சமையலறைக்குள் வந்து அடுப்பருகே நின்றாள்.

"எப்படி இருக்கான்?"

"போய்ப் பாரேன்டி. சாகக் கிடக்கிறவன்கிட்ட என்ன ரோஷம்?"

"ரோஷமெல்லாம் போயாச்சு. என்னைப் பாத்து யாருன்னு கேட்டுட்டான்னா?"

"அந்தக் கோணல் மூக்கு ஊர்லயே ரெண்டு பேருக்குத்தான். அதைப் பாத்துமா கேட்பான்?"

சிரித்துவிட்டாள். "அடுத்த வாரம் இவங்க சாப்பிடுற நேரத்துல போறேன். சோம்பு பிஸ்கட் சுட்டு எடுத்துட்டு வரேன். ஆளு வேணாம்னாலும் அதை வேணாங்கமாட்டான்."

அன்று சாயங்காலம் மாதா பீடத்தில் ஒரு மெழுகுதிரி ஏற்றி, அதுவரைக்கும் அவனுக்கு உயிரைக் கொடு தாயே என்று வேண்டினேன்.

புதன்கிழமை மதியம் துயிலியோ இறந்துபோனான்.

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் கறுப்புக் கரை போட்ட அறிவிப்பை அச்சடித்துச் சுவர்களில் ஒட்டுவார்கள். ஒட்டிவிட்டால் எல்லோருக்கும் சொல்லியாயிற்று என்று அர்த்தம். தனியாக யாருக்கும் ஆள் அனுப்புவதில்லை. துயிலியோவின் மனைவி நீவெஸ் அப்படித்தான் இருந்தாள். அறிவிப்பு ஒட்டுகிற ஒரெஸ்தேயும், பங்குச் சாமியாரும், நானும் அப்படித்தான் இருந்தோம். எங்கள் சுவர் ஃபிளாரன்ஸில் இருப்பவள் கண்ணுக்குத் தெரியாது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் அவள் கூட்டத்தோடு வந்தபோது, பாவம், துக்கத்தோடும் வேலைக்கு வந்திருக்கிறாளே என்றுதான் நினைத்தேன். கையில் பிஸ்கட் டப்பா இருந்தது. ஒரெஸ்தே தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தான்.

"என்ன ஒரெஸ்தே, மரியாதை பலமா இருக்கு? நான் அவ்வளவு கிழவி ஆயிட்டேனா?"

அவன் என்னைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கடை வாசலிலிருந்து இறங்குவதற்குள் வெளிநாட்டுப் பெண் ஒருத்தி சுவரைக் காட்டி என்னவோ கேட்டாள். எர்சிலியா திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பெண் மறுபடியும் கேட்டாள். வாசித்துச் சொல்வதுதானே எர்சிலியாவின் வேலை. வாசித்தாள். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் பெயர்கள் எந்தப் பாஷையிலும் ஒன்றுதான். துயிலியோ என்றாள். துக்கப்படுகிறவர்கள் வரிசையில் நீவெஸ் என்றாள். அடுத்து இருந்தது அவள் பெயர். அங்கே நிறுத்திவிட்டாள்.

அவள் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

"உனக்குத் தெரியும்னு நினைச்சோம்டி."

"என் பேரும் இருக்கே. அவன் போடச் சொன்னானா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சாவு விஷயத்தில் பொய் சொல்லப் பயமாக இருந்தது. "எனக்குத் தெரியல. வா, போகலாம்."

கூட்டத்தை பஸ் டிரைவர் பார்த்துக்கொண்டார். நாங்கள் அவள் அண்ணன் வீட்டுக்குள் போனபோது செபமாலை நடந்துகொண்டிருந்தது. துயிலியோவை அவனுடைய கல்யாணக் கோட்டில் கிடத்தியிருந்தார்கள். எர்சிலியா அவன் நெற்றியில் முத்தமிட்டாள். பிறகு நீவெஸிடம் அதே கேள்வியை மெல்லக் கேட்டாள்.

நீவெஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கடைசி நாலு நாள் அவருக்குப் பேச்சே இல்லம்மா. நான்தான் போட்டேன். கூடப் பிறந்தவளை விட முடியுமா?"

எர்சிலியா தலையாட்டினாள். அறிவிப்பில் பெயர் போட்டிருப்பவர்கள் வாசலில் நிற்கவேண்டும். அவளும் போய் நீவெஸ் பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்தாள்.