முடிச்சு இல்லாத தையல்

அடையாறில் ஒரு மருத்துவமனையில் நான் நர்ஸ். வலிக்காமல் தையல் பிரிப்பேன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயர்தான் என்னைக் கெடுத்தது.

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவர், கர்ப்பப்பை எடுத்த பத்தாம் நாள் காயத்தைக் காட்ட வந்தார். அடிவயிற்றுத் தையலின் ஓரத்தில் நூல் நுனி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. முடிச்சைக் காணோம். கேஸ் ஷீட்டைப் பார்க்காமலே இடுக்கியால் பிடித்து இழுத்தேன்.

"இஸ்க்காதம்மா! தூண்டி முள்ளாட்டம் உள்ள புட்ச்சிக்கினு கீது!"

"கொஞ்சம் பொறுத்துக்கோங்கக்கா" என்று இன்னும் பலமாக இழுத்தேன். ஆறிவந்த காயம் வாய் பிளந்தது.

அது முள் நூல். நெடுகப் பொடி முட்கள் சதையைக் கவ்விக்கொள்வதால் முடிச்சே வேண்டாம். நாளாவட்டத்தில் தானே கரைந்துவிடும். நீட்டிய நுனியை மட்டும் வெட்டச் சொல்லி ஷீட்டில் எழுதியிருந்தது.

டாக்டர் ஓடி வந்தார். "யார் இழுத்தது?"

என் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா சொன்னார்: "நாந்தான் சார். அரிச்சிச்சு, இஸ்த்துட்டேன்."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அறிவில்ல?" என்று டாக்டர் அவரைத் திட்டினார். நான் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி தரையைப் பார்த்தேன்.

காயம் சீழ் பிடித்தது. கட்டு மாற்றும்போது ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உன் வேல பூட்டா இன்னா பண்ணுவே?"

அக்கா இரண்டு மாதம் மீன் கூடையைத் தூக்கவில்லை. அத்தனை நாளும் நான் அவருக்குக் கட்டு மாற்றும் அறையைத் தாண்டித்தான் டாக்டர் போனார். நான் ஒருநாள்கூட டாக்டரைக் கூப்பிட்டு, இழுத்தது நான்தான் என்று சொல்லவில்லை.