விமானம் ஏறாத ஈட்டி

விமானத்தில் ஏறுவதற்கு முன்பு மூட்டைகளை நிறுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆளையும் நிறுப்பார்கள் என்பது மலாக்காவில் இருந்த பத்து பெரண்டாம் விமானத் திடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. எங்கள் தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட் நிறுக்கும் தராசைப் போலவே ஒன்று அங்கேயும் இருந்தது. பள்ளிச் சீருடையோடு அதன்மேல் ஏறி நின்றேன். குமாஸ்தா என் எடையைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, எனக்குப் பின்னால் நின்றிருந்த அப்பாவின் கையில் இருந்ததைப் பார்த்தார். அவர் தலை ஆடவில்லை.

அப்பாவின் கையில் இருந்தது என் ஈட்டி. ஏழடிக்கு மேல் நீளம். மரத்தண்டு, இரும்பு முனை, நடுவில் கைப்பிடிக்குக் கயிற்றுச் சுற்று. பள்ளிக்குச் சொந்தமானதுதான். ஆனாலும் அந்தப் பள்ளியில் அதை என்னளவு தூரம் எறியக்கூடியவர் வேறு யாரும் இல்லாததால் எல்லோருமே அதை என் ஈட்டி என்றுதான் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த ஆண்டு மலாக்கா மாநிலத்துக்காக ஈட்டி எறிய நான் தேர்வாகியிருந்தேன். இரண்டையும் சொல்லிக்கொள்ள நான் ஒருபோதும் கூச்சப்பட்டதில்லை.

போட்டி கோத்தா பாருவில். கிழக்குக் கரைக்குப் போகும் ரயில் தண்டவாளத்தை ஜப்பான்காரன் காலத்திலேயே பிடுங்கிவிட்டிருந்தார்கள். சாலையில் போனால் ஆற்றுக்கு ஆறு படகு, அதோடு காட்டுக்காரர்களின், அதாவது காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளின், பயம். அதனால் எங்களை விமானத்தில் அனுப்ப ஏற்பாடாயிற்று. பத்து பெரண்டாமிலிருந்து கோலாலம்பூர் வரை சிறிய விமானம். அங்கிருந்து பெரிய விமானம். சிறியதில் நாலைந்து பேருக்குத்தான் இடம் என்பதால், விளையாட்டு ஆசிரியையும் மற்றப் பெண்களும் எனக்கு முந்தைய விமானங்களில் போய்விட்டார்கள். கடைசி இடம் எனக்கு. பள்ளி விடுமுறையில் தோட்டத்துப் பந்துத் திடலில் பயிற்சி செய்துகொண்டிருந்ததால் ஈட்டி என்னிடமே இருந்தது.

புறப்படுவதற்கு முன் ஆசிரியை ஒன்று சொல்லியிருந்தார். "அங்க ஆம்பளைங்க ஈட்டிதான் இருக்கும், ரொம்ப வெயிட்டு. உன்னோடத மறக்காம கொண்டுட்டு வந்துடு. இல்லன்னா மத்த ஸ்டேட்டு பொண்ணுங்ககிட்டதான் கைநீட்டணும்."

கைநீட்டுவது எனக்கு வராது என்று அவருக்குத் தெரியும்.

அன்றைய நாள் காலையிலேயே கோணத் தொடங்கிவிட்டது. எங்கள் தோட்டம் புலாவ் செபாங்குக்குப் பக்கத்தில். அவசரகாலம் வந்ததிலிருந்து நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. ஒரே ஒரு கேட். பால்மரம் சீவப் போகிறவர்கள் ஒவ்வொரு நாளும் அந்தக் கேட்டில் வரிசையாக நின்று சோதனை கொடுத்துவிட்டுத்தான் வெளியே போக முடியும். காட்டுக்காரர்களுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்பதால் ஒரு பிடி அரிசியைக்கூட வெளியே கொண்டுபோக முடியாது. மத்தியானச் சாப்பாடுகூட இல்லாமல் வெறும் தண்ணீரோடுதான் அப்பாவும் அம்மாவும் வேலைக்காட்டுக்குப் போனார்கள்.

அம்மாவுக்கு அந்த ஈட்டி ஈட்டியல்ல, வேல். நான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன்.

"அம்மா, இது வெள்ளக்காரன் விளையாட்டு."

"இருந்துட்டுப் போவட்டும். முருகன் கையில இருந்தா என்னா, உன் கையில இருந்தா என்னா?"

விடியற்காலையில் அதைச் சாமி படத்துக்கு முன்னால் சாத்தி வைத்து, தண்டில் விபூதி பூசி, முனையில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் குத்தினார். பிறகு பழம் மட்டும் வெளியே தெரிய, தானே தைத்த கோணி உறைக்குள் அதை நுழைத்தார். மஞ்சள் துணியில் முடிந்த ஒரு பிடி அட்சதையை உறைக்குள் கைப்பிடிக்கு அருகில் கட்டிவிட்டது எனக்குத் தெரியாது. வேலி போட்ட நாளிலிருந்து அரிசி வெளியே போகக்கூடாது என்பது அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்காக ஒவ்வொரு நாளும் பட்டினி கிடந்து மரம் சீவியவர் அவர். ஆனால் மஞ்சள் பட்டுவிட்டால் அது அவர் கண்ணுக்கு அரிசியே அல்ல.

கேட்டில் கான்ஸ்டபிள் உறையை உருவினார். முடிச்சு விழுந்து அவிழ்ந்தது.

"பெராஸ்!" என்று கத்தினார். அரிசி!

சார்ஜன்ட் வந்தார். மலாய்க்காரர், நடுத்தர வயது. கீழே சிதறிய மஞ்சள் அரிசியையும் எலுமிச்சம்பழம் குத்திய ஈட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு, "செம்பாயாங் புஞ்ஞா, இஞ்சே. சாமிக்கு வச்சது" என்றார். அப்பாவுக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான்.

நான் முன்னால் போய் மலாயிலும் ஆங்கிலத்திலும் விளக்கினேன். நான் திடலில் எறிவதைச் சார்ஜன்ட் பலமுறை வேலியோரம் நின்று பார்த்திருக்கிறார். அதனால்தான் விட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் அப்பாவின் அடையாளக் கார்டை வாங்கி நம்பரைக் குறித்துக்கொண்டார். ஈட்டியும் அரிசியும் ஒரே பொட்டலத்தில் வந்திருக்கின்றன என்றார். சாயங்காலம் ஊரடங்குச் சங்கு ஊதுவதற்குள் இந்த ஆள் உள்ளே வரவில்லையென்றால் எங்கே போனான் என்று போலீஸ் தேட வேண்டியிருக்கும் என்று மலாயில் சொன்னார். அதை நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அப்பா தலையசைத்தார். சார்ஜன்ட் அரிசியைப் பூட்ஸ் காலால் மண்ணோடு தேய்த்தார். அம்மா வேலிக்கு உள்ளே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரப்பர் ஷீட் ஏற்றிய தோட்டத்து லோரி எங்களை மலாக்காவில் இறக்கிவிட்டுத் துறைமுகத்துக்குப் போயிற்று. அது அன்றைக்குத் திரும்பாது. என்னை ஏற்றிவிட்டு அப்பா பஸ்ஸில் திரும்பவேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

இனி குமாஸ்தாவிடம் வருகிறேன். வெள்ளைச் சட்டை, எண்ணெய் தடவி வாரிய முடி. டவுன் தமிழர்.

"என்னய்யா இது? சன்னாசிமலைக்குப் போற பஸ்ஸு அந்தப் பக்கம்லா" என்றார் அப்பாவைப் பார்த்து. காவடி எடுப்பவர்கள் போகும் கோயில் அது. பக்கத்தில் நின்ற கூலியாள் சிரித்தார்.

அப்பாவும் சிரித்தார். அதுதான் எனக்கு ஆத்திரமூட்டியது. நான் எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "இது ஜாவலின். ஸ்டேட் டீமோட விளையாட்டுச் சாமான்" என்றேன்.

"விளையாட்டுச் சாமான்னா பந்து இருக்கணும் தங்கச்சி. இது ஆயுதம். எமர்ஜன்சி நேரத்துல ஆயுதம் ஏத்த முடியாது."

அந்த நேரத்தில் ஒரு தோட்டத்துத் துரை வந்தார். அவருக்குப் பின்னால் கூலியாள் கோல்ஃப் மட்டைகள் நிறைந்த தோல் பையைத் தூக்கி வந்தார். என் மொத்தச் சாமானைவிட அது கனம். தராசில் வைத்தார்கள், எடுத்தார்கள், விமானத்துக்குக் கொண்டுபோனார்கள். குமாஸ்தா ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அதுல இரும்புத் தடி பத்துப் பன்னெண்டு இருக்கே. அது ஆயுதம் இல்லையா?" என்றேன்.

"வாய் இருக்கு உனக்கு" என்றார் குமாஸ்தா. பிறகு என்ன நினைத்தாரோ, எழுந்து போய் விமானியையே அழைத்து வந்தார். அரைக்கால் சட்டையும் முழங்கால்வரை சாக்ஸும் போட்ட இளைஞர். நான் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னதும் அவர் மறுக்காமல் ஈட்டியை வாங்கிக்கொண்டு விமானத்துக்கு நடந்தார். கதவு வழியாக நேராக விட்டார், போகவில்லை. சாய்த்து விட்டார். இருக்கைகளுக்கு இடையில் தரையோடு கிடத்தினார். வால்பக்கம் இடித்தது. வால்பக்கத்தை ஒதுக்கினால் முனை அவருடைய இருக்கைக்குப் பின்னால் போய் நின்றது. அந்தச் சின்ன விமானம் காற்றில் எப்படியெல்லாம் குலுங்கும் என்பதைக் கையை ஆட்டிக் காண்பித்தார். முதுகுக்குப் பின்னால் ஈட்டியை வைத்துக்கொண்டு மலைமேல் பறக்கத் தன்னால் முடியாது, மன்னிக்கவேண்டும் என்றார். அவர் உண்மையாகவே முயன்று பார்த்தார் என்பதால் அவரிடம் சண்டை போடவும் எனக்கு வழியில்லை.

இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன் என்று குமாஸ்தாவிடம் கேட்டேன். காவலுக்கு இருந்த போலீஸ்காரரைக் கை காட்டினார். போலீஸ்காரர் தலையை ஒரே ஆட்டாக ஆட்டிவிட்டார். ஆளில்லாத ஈட்டி ஒன்று விமானத் திடலில் கிடந்தால் யார் பதில் சொல்வது?

"நீ ஏறும்மா" என்றார் அப்பா. "நான் வீட்டுக்குக் கொண்டுட்டுப் போறேன். அங்க டீச்சர் யார்கிட்டயாச்சும் வாங்கிக் குடுப்பாங்க."

குமாஸ்தாவும் இப்போது குரல் இறங்கி, "ஆமா தங்கச்சி, போ. இன்னும் பத்து நிமிஷத்துல கதவச் சாத்திடுவாங்க. அடுத்த பிளேன்ல போனா உன் போட்டி முடிஞ்சிருக்கும்" என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். கோணி உறையைத் தோளில் சாத்திக்கொண்டு நின்றார். பஸ் அவரைச் சாலையில்தான் இறக்கும். அங்கிருந்து தோட்டத்துக் கேட்டுவரை இரண்டு பக்கமும் பால்மரங்கள் அடர்ந்த செம்மண் பாதை. அதற்கு முந்தைய மாதம்தான் பக்கத்துத் தோட்டத்தில் மண்வெட்டிக் காம்பைத் தோளில் போட்டு வந்த ஒருவரைத் துப்பாக்கியோடு வருகிறான் என்று நினைத்துச் சிப்பாய்கள் தூரத்திலிருந்தே சுட்டுவிட்டார்கள். அவர் உயிர் பிழைத்தார், கால் போயிற்று. அதைவிட நீளமானது அப்பாவின் தோளில் இருந்தது. "நில்" என்று ஆங்கிலத்தில் கத்தினால் அப்பாவுக்கு அது விளங்குமா, அல்லது கையைக் கூப்ப ஈட்டியைச் சட்டென்று இறக்குவாரா? காலையில் வேறு அவருடைய நம்பர் குறிக்கப்பட்டிருந்தது.

விமானத்தின் விசிறி ஒருமுறை சுற்றி நின்றது. நான் அதற்கு முன் விமானத்தில் ஏறியதில்லை. தோட்டத்தில் யாருமே ஏறியதில்லை.

காரணத்தைச் சொன்னால் அப்பா கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவருக்காக நான் நின்றேன் என்றால் ஈட்டியைச் சாக்கடையில் எறிந்துவிட்டாவது என்னை ஏற்றிவிடுவார். அதனால் எல்லோரும் நம்பக்கூடிய ஒன்றைச் சொன்னேன்.

"நான் போகல. இரவல் ஈட்டிய நான் எறிய மாட்டேன்."

"என்னா சொன்ன?"

"இன்னொருத்திகிட்ட கைநீட்டி வாங்கி எறியணும்னா எனக்கு அந்தப் போட்டியே வேணாம்."

அப்பா என்னை அடித்ததில்லை. அன்றைக்கு அடித்துவிடுவார் என்று நினைத்தேன். "படிக்க வச்சதுக்கு இதாம்மா மிச்சம்? இவ்ளோ திமிரா உனக்கு?" என்றார். குமாஸ்தா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "இடம் வேணாமா? சரியா கேட்டுக்கறேன், வேணாமா?" என்றார். வேண்டாம் என்றேன். துரை விமானத்தின் படியில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தார். கதவு சாத்தப்பட்டது.

விமானம் எழும்புவதை நான் பார்க்கவில்லை. அப்பா பார்த்தார்.

பஸ்ஸில் அவர் எனக்கு முன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். ஈட்டி பஸ்ஸின் கூரைமேல் கட்டப்பட்டிருந்தது. இறங்கியதும் அவர் எடுப்பதற்குள் நான் எடுத்துக்கொண்டேன். கோணி உறையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். உறைக்குள் இருந்தால் அது எதுவாகவும் தெரியும். வெளியே இருந்தால் ஈட்டியாகவாவது தெரியும். வெள்ளைச் சீருடையோடு பாதையின் நடுவில், ஈட்டியை இரண்டு கைகளாலும் குறுக்கே பிடித்துக்கொண்டு, நான் முன்னால் நடந்தேன். பின்னால் அவர் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று கவனித்தபடியே போனேன்.

பாதி வழியில் மரங்களுக்கு நடுவிலிருந்து "நில்" என்று ஆங்கிலத்தில் குரல் வந்தது. நின்றேன். "அப்பா, அப்படியே நில்லுங்க, கைய அசைக்காதீங்க" என்றேன் திரும்பாமலே. நாலைந்து சிப்பாய்கள் வெளியே வந்தார்கள். துப்பாக்கிகள் எங்களைப் பார்த்திருந்தன. முன்னால் வந்தவன் வெள்ளைக்காரன். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவனாக இருப்பான். நான் பள்ளியின் பெயரையும், போட்டியையும், விமானத்தையும், பின்னால் நிற்பவர் என் தகப்பனார் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை. அதை இன்றும் பெருமையோடு நினைத்துக்கொள்கிறேன்.

அவன் ஈட்டியை வாங்கி எடையைப் பார்த்தான். பிறகு, எவ்வளவு தூரம் எறிவாய் என்று கேட்டான்.

சொன்னேன். அன்று முழுவதும் அதைக் கேட்டவன் அவன் ஒருவன்தான். அவன் புருவத்தை உயர்த்தி, ஈட்டியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, போகலாம் என்று கை காட்டினான்.

நடக்கத் தொடங்கியபோது பின்னால் செருப்புச் சத்தம் உடனே கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அப்பா இன்னும் அதே இடத்தில், கைகளை அசைக்காமல், காலி உறையைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவர் பார்வை அந்தப் பையன்கள் மறைந்த மரங்களின் மேல் இருந்தது. பிறகு என்மேல் வந்தது. "வாங்கப்பா, சங்கு ஊதிடுவாங்க" என்றேன்.

சங்குக்கு முன்பே கேட்டுக்குள் போய்விட்டோம்.

கோத்தா பாருவில் நான் இல்லாமலே போட்டி நடந்தது. ஆசிரியை பல வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. தோட்டத்தில் பேச்சு, தண்ணீர் பிடிக்கும் பைப்படிக்குப் பைப்படி பரவி, கடைசியில், "இரவல் ஈட்டிய எறிய மாட்டேன்னு பிளேனையே திருப்பி அனுப்பிச்சிட்டாளாம் மகாராணி" என்று ஆயிற்று. நான் மறுக்கவில்லை. கேலியாகச் சொன்னாலும் அது ஒரு மோசமான பேச்சாக எனக்குத் தோன்றவில்லை.

அம்மாகூட அதைத்தான் நம்பினார். யாராவது வீட்டுக்கு வந்தால், பாதி வருத்தமும் பாதி பெருமையுமாக அந்தக் கதையை முதலிலிருந்து சொல்வார். "இவளுக்குத் திமிரு" என்று முடிக்கும் நேரத்துக்குச் சற்று முன்பாக, அப்பா எழுந்து, ஏதோ வேலை இருப்பதைப்போல வெளியே போய்விடுவார்.