பன்னிரண்டு இடங்களும் ஒரு பம்புத் தெருவும்

ரங்கூனில் பபேடான் பேட்டையில் நான் வேலை பார்த்த கடையில் தண்ணீர் பம்புகள் விற்றோம். விற்பது முதலாளி, விற்றது ஓடாவிட்டால் போய்ப் பார்ப்பது நான். தொழில்நுட்பக் கல்லூரியில் மின்துறைப் படிப்பை முடித்திருந்தேன். எதையும் வரிசை எண் போட்டு எழுதாமல் எனக்கு வேலை ஓடாது என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் முதலாளி முதல் தடவையாகச் சீனாவிலுள்ள குவாங்சௌவுக்குச் சரக்குப் பார்க்கக் கிளம்பியபோது, அவர் மனைவி மாடியிலிருந்து இறங்கி என்னைத் தேடி வந்தார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

“என்னையும் கூட்டிட்டுப் போறாராம். ஊரச் சுத்திக் காட்டுறேன்னாரு. வாயால சொன்னது விமானம் ஏறுறதுக்குள்ள மறந்துரும். நீ எழுதிக் குடு தங்கச்சி. காயிதத்துல இருந்தா மீற மாட்டாரு.”

முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் சொன்னது வேறு: “எழுதித் தொலை. நடுவுல கொஞ்சம் இடம் விட்டு எழுது.”

பக்கத்துப் பேட்டையான லத்தாவில் தேயிலைக் கடை வைத்திருந்த ஒரு சீனப் பெரியவரிடம் பழைய வழிகாட்டிப் புத்தகம் ஒன்று இருந்தது. அவரும் அந்த ஊருக்குப் போனதில்லை. ஆனாலும் நான் காட்டிய பெயர்களையெல்லாம் டாக்ஸிக்காரருக்குப் புரியும்படி சீன எழுத்தில் எழுதித் தந்தார். பன்னிரண்டு இடங்கள் தேறின. பூங்காவில் இருக்கும் ஐந்து ஆடுகளின் கற்சிலை, வெளியிலிருந்து ஒன்பது மாடியாகத் தெரிந்து உள்ளே பதினேழு தளம் கொண்ட கோபுரம், கூரை முழுக்கப் பொம்மை செதுக்கிய குலக்கோயில், ஆற்றில் படகுச் சவாரி, வெள்ளைக்காரர்கள் கட்டிய பழைய வீடுகள் நிற்கும் தீவு, கம்பியில் தொங்கும் வண்டியில் ஏறிப்போகும் மலை, இப்படி. பயணம் போக மிச்சமிருந்த நாலு நாளுக்கு அவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் போகும் நேரம், பார்க்கும் நேரம், கவனிக்க வேண்டியது என்று கட்டம் போட்டேன். கடைசியில் டிக் போட ஒரு சின்னச் சதுரம். நடுவில் இடம் விடவில்லை.

கிளம்புவதற்கு முன் அக்கா தெருவில் ஏழு வீடுகளுக்குப் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தார். வெளிநாடு போகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போய், திரும்பியதும் எல்லோரையும் உட்கார வைத்துப் பலகாரம் கொடுத்து, பார்த்ததையெல்லாம் சொல்ல வேண்டும். ஊரின் இன்னொரு பக்கம் பசுந்தாங்கில் இருந்த நாத்தனார் வீட்டுக்கும் போனார். முதலாளியின் மூத்த சகோதரியான, அக்கா ‘அண்ணி’ என்று கூப்பிடும் அந்த அம்மாள் மூன்று வருடம் முன்பு பாங்காக் போய் வந்தவர். அன்றிலிருந்து யார் வீட்டுக் குழம்பில் உப்பு கூடினாலும் பாங்காக் எப்படி என்று ஒரு வாக்கியம் வரும். அக்கா மூன்று வருடமாக அதைக் கேட்டுக் கேட்டு இந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தார்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். அக்கா பட்டியலை என்னிடம் கொடுத்தார். பன்னிரண்டு சதுரத்திலும் டிக் இருந்தது.

நான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். எல்லா டிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு. முதலாவது நல்ல நீலம். கீழே வர வர மை வற்றி, பன்னிரண்டாவது வெறும் கீறல். நாலு நாளில் போட்ட டிக் அப்படி இருக்காது.

“அக்கா, இதெல்லாம் ஒரே மூச்சில் போட்டது.”

“விமானத்துல அவர் போட்டாரு” என்றவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “மொத நாளே ஆடு பாக்கத்தான் கெளம்புனோம். வழியில ஒரு பம்புக் கடை. அஞ்சு நிமிசம்னு எறங்குனாரு. அது கடையில்ல தங்கச்சி, தெரு. தெருவுக்குப் பின்னால இன்னொரு தெரு. நாலு நாளும் அட்டைப் பெட்டி மேல உக்காந்திருந்தேன். ஞாயித்துக்கெழமை எல்லாரையும் கூப்பிட்டாச்சு. அண்ணி முன்னால நான் என்னத்தச் சொல்லுவேன்?”

அன்று வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை முழுதும், முதலாளி கையோடு கொண்டுவந்திருந்த மாதிரி பம்பை மாடியில் அவர்கள் குளியலறையை ஒட்டிப் பொருத்திக்கொண்டே, அக்காவுக்குக் குவாங்சௌவைச் சொல்லிக்கொடுத்தேன். பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஆகவே ஒரு விதி வைத்தேன்: ‘இருக்கிறது’ என்று சொல்லலாம், ‘பார்த்தேன்’ என்று சொல்லக்கூடாது.

“ஆடு எத்தனை?”

“அஞ்சு.”

“எதுக்காக வைத்திருக்கிறார்கள்?”

“பஞ்ச காலத்துல அஞ்சு சாமி ஆட்டு மேல ஏறி வந்து நெல்லுக் கதிர் குடுத்தாங்க. ஏன் தங்கச்சி, மாட்டு மேல வரப்படாதா? ஆடு கதிரத் தின்னுராது?”

“கோபுரம்?”

“வெளிய ஒம்போது. உள்ள பதினேழு. மீதி எட்டு எங்க போச்சுன்னு அண்ணி கேப்பாங்க.”

அதற்கு ஒரு குறுக்குவெட்டுப் படம் வரைந்து காட்டினேன். படகுக்கு, ஆற்றைக் கடக்கும் நம் டல்லா படகையே விளக்கு போட்டு நினைத்துக்கொள்ளச் சொன்னேன். தீவுக்கு, வெள்ளைக்காரர்கள் காலத்துக் கட்டடங்கள் நிற்கும் நம் பன்சோடான் தெருவைச் சுண்ணாம்பு அடித்து நினைத்துக்கொள்ளச் சொன்னேன். மலைக்கு மட்டும் உள்ளூரில் ஒன்றும் கிடைக்கவில்லை. மாலைக்குள் பத்து இடங்கள் பிசகில்லாமல் வந்துவிட்டன.

ஞாயிறு பிற்பகல் எட்டுப் பேர் வந்தார்கள். நாத்தனார் பால்கனிப் பக்கமிருந்த ஒரே காற்றோட்டமான நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மின்சாரம் காலையிலிருந்தே இல்லை. சமோசாவும் பர்மாக்காரர்களின் தேயிலை ஊறுகாயும் சுற்றி வந்தன. அக்கா ஆரம்பித்தார். நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே சொன்னார். கோபுரத்துக்குள் எட்டுத் தளம் ஒளிந்திருப்பதைக் கையால் அடுக்கிக் காட்டியபோது இரண்டு பேர் பர்மியர்களைப் போல “அமலே!” என்று வியந்து வாயில் கை வைத்தார்கள்.

“எல்லாம் சரி, அங்க இருக்கு இங்க இருக்குங்கிறியே,” என்றார் நாத்தனார். “பாங்காக்குல நான் நிக்காத படம் ஒண்ணு கெடையாது. ஒன் படம் எங்க?”

“கழுவக் குடுத்திருக்கு அண்ணி. வர நாளாவும்.”

அப்போது பால்கனி மணி அடித்தது. எல்லா மாடி வீடுகளிலும் போல அங்கேயும் தெருவரை ஒரு கயிறு தொங்கும். நுனியில் கிளிப், மேலே சின்ன மணி. கீழே போட்டோ ஸ்டூடியோக்கார அம்மாள் ஒரு மஞ்சள் உறையைக் கிளிப்பில் மாட்டிவிட்டு, “படம் வந்திருச்சு! அவசரம்னு சொன்னாங்களே!” என்று குரல் கொடுத்தாள். ஸ்டூடியோவில் ஜெனரேட்டர் உண்டு; முதலாளிதான் காலையில் போய் அவசரப்படுத்தியிருக்கிறார். கயிறு நாத்தனார் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அக்கா எழுவதற்குள் உறை மேலே வந்துவிட்டது.

முப்பத்தாறு படங்கள். அத்தனையும் பம்பு. பம்புகூட இல்லை, பம்பின் மேல் ஒட்டியிருக்கும் தகடு. மாடல் எண் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று முதலாளி ஒவ்வொன்றையும் கிட்டப்போய் எடுத்திருந்தார்.

நாத்தனார் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பக்கத்தில் கொடுத்தார். “இது எந்தக் கோயிலு? வோல்ட்டு போட்டிருக்கு.” அடுத்தது. “இது தீவு போலருக்கு. ஐம்பது ஹெர்ட்ஸ்.” எட்டுப் பேரும் சிரித்தார்கள். இருபத்தோராவது படத்தில், தகட்டுக்குப் பின்னால், அக்கா அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்து வாயைத் திறந்து ஒரு பன்னைக் கடித்துக்கொண்டிருந்தார். நாத்தனார் அதை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

“இதுதான் அஞ்சாவது ஆடா?”

அக்கா முகம் சிவந்து என்னைப் பார்த்தார். என் விதியில் இதற்கு இடமில்லை. நான் சமோசாத் தட்டைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில் தெரு முழுக்க “மீ லாபீ!” என்று கத்தல் எழுந்தது. மின்சாரம் வந்தால் ரங்கூனில் பச்சைக் குழந்தைகூட அப்படித்தான் கத்தும். எட்டுப் பேரும் எழுந்து பால்கனிக்கு ஓட, தெருக்காரர்கள் தத்தம் வீட்டுப் பக்கம் பார்த்து, “மோட்டாரப் போடு! தொட்டிய நெரப்பு!” என்று கூவினார்கள். எதிர்வீட்டு மாடிகளில் பம்புகள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. பேசினால் காது கேட்காது. நான் உள்ளே போய் மாதிரி பம்பின் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தேன்.

நாத்தனார் திரும்பி வந்து உட்கார்ந்தார். “ஏன், ஒங்க மோட்டாரு எங்க? போடலையா? கரண்டு போயிரப் போவுது.”

“ஓடிக்கிட்டுதான் இருக்கு அண்ணி.”

“என்ன ஓடுது?”

அவரே எழுந்து குளியலறைப் பக்கம் போனார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பெண் பம்பின் மேல் கை வைத்துப் பார்த்து, “அமலே, ஆடவே இல்ல” என்றாள். அவர்கள் வீட்டுப் பம்பு ஓடினால் அலமாரியில் பாத்திரம் நடந்து போகுமாம். இன்னொருத்தி, நாலாவது மாடிக்கு ஏறுமா என்று என்னைக் கேட்டாள். ஏறும் என்றேன், இது எனக்குத் தெரிந்த விஷயம். அக்கா படங்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

“நாலாவது மாடின்னா இது” என்று ஒரு படத்தை நீட்டினார். “ஆறாவதுன்னா இது. இதோட சக்கரம் பித்தள. அந்தச் சிவப்பு இருக்கே, அது பாக்கத்தான் அழகு, ரெண்டு மாசத்துல உள்ள இருக்குற ரப்பர் வாய்சர் போயிரும். கடைக்காரன் பொண்டாட்டியே என்கிட்ட கையால காட்டுனா.” நாலு நாள் அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. நான் ஒரு வார்த்தை திருத்த வேண்டியிருக்கவில்லை.

நாத்தனாரும் பம்பின் மேல் கை வைத்துப் பார்த்தார். பிறகு குரலை இறக்கி, “எனக்கும் ஒண்ணு வரவழைக்கச் சொல்லு” என்றார்.

“எழுது தங்கச்சி” என்றார் அக்கா.

எழுதினேன். வரிசை எண், வீடு, மாடி, மாடல். ஒன்பது பம்புகள் தேறின. பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து ஒருத்தி இரண்டு கேட்டிருந்தாள். செய்தி கேட்டு முதலாளி படியேறி ஓடிவந்து, வாயெல்லாம் பல்லாகக் கையை நீட்டினார். அக்கா அந்தக் காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார்.

“மறுக்காப் போவீங்கல்ல? நானும் வரேன். மொதல்ல ஆடு. கோபுரம். மல. எல்லாம் முடிஞ்சாத்தான் இந்தக் காயிதம் வெளிய வரும்.”

“கல்லு ஆடுடி அது! என்ன இருக்கு அதுல?”

“பாத்துட்டுச் சொல்றேன்.”

முதலாளி உதவிக்குத் தன் அக்காவைப் பார்த்தார். நாத்தனார் கடைசி சமோசாவை எடுத்துக்கொண்டு, “கூட்டிட்டுப் போடா. எனக்கு மோட்டாரு வரணும்ல” என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “எத்தன நாளு ஆவும்?”

“பன்னிரண்டு இடத்துக்கு நாலு நாள். பம்புத் தெருவுக்கு அஞ்சாவது நாள் காலையில் ரெண்டு மணி நேரம்.”

“ரெண்டு மணி நேரமா!”

“மாடல்தான் எல்லாம் எழுதியாச்சே” என்றார் அக்கா. “மழ முடிஞ்சதும் டிக்கட்டு போடுங்க.”