முடிச்சில் இருந்த விதைநெல்

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கப்பல்கள் கரைக்கு வராது; கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். அங்குவரை ஆட்களைப் படகில் கொண்டுபோய் ஏற்றுவது என் வேலை. பஞ்சத்தில் அடிமைகளாக விலைபோனவர்களையும் ஏற்றினேன்.

அவர்களில் ஒரு பெண், கப்பலை நெருங்கியதும் மடியிலிருந்த முடிச்சை நீட்டினாள்.

“விதைநெல்லுண்ணா. வீட்ல வெச்சா தின்னுடுவாங்கன்னு எடுத்தாந்துட்டேன். மழை வந்ததும் பொன்னேரியிலேர்ந்து எங்க நைனா வருவாரு. குடுத்துடு.”

“குடுக்கிறேம்மா” என்றேன்.

எங்கள் வீட்டில் மூன்று நாளாக அடுப்பு எரியவில்லை. அன்றே அதைக் குத்திச் சோறாக்கித் தின்றோம்.

முதல் மழைக்கு மறுநாள் அவர் வந்தார்.

“எம்பொண்ணு எதுனா குடுத்தாளாப்பா?”

“ஒண்ணும் குடுக்கலியே நைனா.”

தலையாட்டிவிட்டுப் போனார். நான் அடுத்த ஆட்களை ஏற்றினேன்.

அப்படிச் சொன்னபோது என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதுதான் எனக்கு மறக்கவில்லை.